சுட்ட சன்னம் எங்கே போய் நிற்கும்?

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், அதற்குப் பிறகு ஏற்றம் என்று ஒன்றும் கண்ணில் படாது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு, நடுவில் மணல். தென்னைகள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, காற்றாலைத் தூண்கள் ஆகியவைதான் அங்கே தலைநிமிர்ந்து நிற்பவை. உல்லாசப் பயணிக்கு இது அழகு. துவக்குச் சூட்டுத்தளம் ஒன்றுக்கு இடம் பார்க்க வந்தவருக்கோ இதுதான் முதல் தலையிடி. சுட்ட சன்னத்தைத் தாங்கி நிறுத்த அங்கே ஒரு மேடுகூடக் கிடையாது.

இந்தக் கரைக்கு வெடிச்சத்தம் புதிதல்ல. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. வானிலிருந்து தரைக்குச் சுட்டுப் பழகும் தளமொன்றை விமானப்படையும் இந்தப் பக்கம் வைத்திருக்கிறது. படைகளுக்கு ஆளணி உண்டு, காவல் உண்டு, கடலை மறிக்கும் அதிகாரமும் உண்டு. சனிக்கிழமை பின்னேரங்களில் கூடும் ஒரு சூட்டுக் கழகத்துக்கு இவை எதுவும் இல்லை. அப்படியொரு கழகம் இங்கே தளம் போட நினைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் துவக்குதான் நினைவுக்கு வரும்: ரவை ஏற்றியிருக்கிறதா, விரல் எங்கே இருக்கிறது, வாய் யாரைப் பார்க்கிறது. அவை முக்கியம்தான். ஆனால் தளம் அமைப்பவர் கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்குவார். துவக்கை விட்டுப் போன சன்னம் எங்கே போய் நிற்கும் என்பதே அவருடைய முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2021 டிசெம்பர் 30ஆம் திகதி கண்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் பொலிஸ் சூட்டுப் பயிற்சித் தளம் ஒன்று இருந்தது. அன்று காலை மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு சன்னம் பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் சத்திரசிகிச்சை செய்து சன்னத்தை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் திகதி சிறுவன் இறந்துபோனான்.

நார்த்தாமலை குன்றுகளின் ஊர். விஜயாலய சோழீச்சரம் நிற்பதே ஒரு பாறைக் குன்றின் மேல்தான். அத்தனை மலை இருந்த இடத்திலேயே சன்னம் ஊருக்குள் போனது என்றால், மேடே இல்லாத கற்பிட்டி மணலில் கணக்கு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்!

கணக்கைப் பார்ப்போம். சூட்டுக் கழகங்களில் சாதாரணமாகப் புழங்கும் .22 ரவையின் சன்னம் வெறும் 2.6 கிராம். துவக்கு வாயை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 330 மீற்றர். 50 மீற்றரில் ஒரு கடதாசி இலக்கைத் துளைப்பதற்காக ஆன ரவை அது. ஆனால் வாயைத் தூக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை போகும். இலங்கையில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ரி-56 துவக்கின் சன்னம் இரண்டரைக் கிலோமீற்றரை எட்டக்கூடியது. நேட்டோ நாடுகளின் 7.62 மில்லிமீற்றர் ரவையோ ஏறத்தாழ 4 கிலோமீற்றர். கற்பிட்டித் தீபகற்பம் பல இடங்களில் சில கிலோமீற்றர் அகலம்தான். களப்புக் கரையிலிருந்து தவறிப்போன சன்னம் ஒன்று தோட்டம், வீதி, வீடு எல்லாவற்றையும் கடந்து மறுகரைக் கடலில் விழ இடமுண்டு.

தவறிப்போக எவ்வளவு பிழை வேண்டும்? 100 மீற்றர் தூரத்தில் 6 மீற்றர் உயரத்துக்கு மணல் மேடு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நின்று சுடுபவரின் துவக்கு வாய் தரையிலிருந்து ஒன்றரை மீற்றரில் இருக்கும். மேட்டின் உச்சியைச் சன்னம் தாண்ட, துவக்கு இரண்டரைப் பாகைக்குச் சற்று அதிகமாக நிமிர்ந்தால் போதும். மணிக்கூட்டின் நிமிட முள் 26 செக்கனில் நகரும் கோணம் அது. ஒரு மீற்றர் நீளமுள்ள துவக்கில் வாய்ப்பக்கம் நாலரைச் சென்ரிமீற்றர் உயர்வது, அதாவது மூன்று விரற்கடை. தும்மல் ஒன்று போதும். முதல் வெடியின் உதைப்பில் வாய் எழும்பி நிற்கும் நேரத்தில் அவசரப்பட்டு இரண்டாவதைத் தட்டினாலும் போதும்.

ஆகவே மேட்டை மட்டும் நம்பி நல்ல தளம் அமைவதில்லை. சுடும் இடத்துக்கு முன்னால், தலைக்கு மேல், குறுக்காக மரமும் கல்லும் நிரப்பிய தடுப்புகளை வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். சுடுபவர் எந்த நிலையில் இருந்து பார்த்தாலும் இலக்கும் மேடும் தடுப்புமே தெரிய வேண்டும், ஒரு சாண் வானம்கூடத் தெரியக்கூடாது. வானம் தெரிந்தால் அந்த வழியாகச் சன்னமும் போகும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதி எழுதுவதைவிட இந்த ஒரு சோதனை மேல். சுடும் இடத்தில் குந்தியும் படுத்தும் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

மேடு எதனால் ஆனது என்பது அடுத்த விடயம். கற்பிட்டியில் மணலுக்கா பஞ்சம்! சன்னத்தைப் பிடிக்க மணலைப் போல மலிவான பொருள் வேறில்லை. லட்சக்கணக்கான மணிகள் ஒன்றோடொன்று உரசி வேகத்தை வாங்கிக்கொள்வதால், சன்னம் பெரும்பாலும் அரை மீற்றர் ஆழத்துக்குள் நின்றுவிடும். ஆனால் உலர்ந்த மணல் 34 பாகை அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது; சரிந்துவிடும். சரிவு சாய்ந்தால் சன்னம் புதைவதற்குப் பதிலாகச் சறுக்கி மேலே கிளம்பும். சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில், பட்டச் சறுக்கல்காரர்களை உலகெங்கிலுமிருந்து கற்பிட்டிக்கு இழுக்கும் அதே காற்று, மேட்டின் உச்சியை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டு போகும். வைகாசியில் 6 மீற்றராக இருந்த மேடு ஆவணியிலும் 6 மீற்றர்தானா என்று அளந்து பார்த்தாக வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்லோரும் ஒரே இலக்கைக் குறிபார்ப்பதால் சன்னங்கள் மேட்டில் ஒரே குழியில் போய்ச் சேரும். மாதங்கள் போகப் போக அங்கே மணலின் இடத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் சன்னம் பழைய சன்னத்தில் மோதித் தெறிக்கும். அதனால் குழியைத் தோண்டி, அரித்து, ஈயத்தைப் பொறுக்கி, கல்லும் சிப்பியும் இல்லாத மணலைத் திரும்பப் போட வேண்டும். சிலர் செலவைக் குறைக்கப் பழைய டயர்களை அடுக்கி மேட்டுக்கு முகப்பு வைப்பார்கள். இறப்பர் சன்னத்தை விழுங்கும் என்று நினைப்பு. பல வேளைகளில் அது சுட்டவரிடமே திருப்பி அனுப்பிவிடும்.

“மேடு எதற்கு? கடலைப் பார்த்துச் சுட்டால் என்ன?” என்று யாரும் கேட்கலாம். கரையோரத்தில் இது இயல்பாக எழும் யோசனை. அறிவியல் கண்ணில் இதைவிட மோசமான யோசனை இல்லை.

களப்போரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். தட்டையான ஓட்டுச்சில்லைச் சாய்த்து எறிந்தால் அது தண்ணீரில் தத்தித் தத்திப் போகும். சன்னமும் அப்படித்தான். தண்ணீரைத் தொடும் கோணம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் அது மூழ்காது, எழும்பிப் பறக்கும். உருண்டை வடிவப் பொருளுக்கு இந்த எல்லையைக் காண ஒரு எளிய வாய்பாடு இருக்கிறது: 18ஐ அப்பொருளின் ஒப்பீட்டு அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 11.3 மடங்கு, எல்லை 5 பாகைக்குச் சற்று மேல். இரும்புப் பீரங்கிக் குண்டுக்கு 6 பாகைக்குச் சற்று மேல். கரையில் நின்று ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து சுடும் சன்னம் 100 மீற்றருக்கு அப்பால் தண்ணீரைத் தொடும்போது கோணம் ஒன்றரைப் பாகைகூட வராது. ஆகவே அது தத்தும். தத்திய சன்னம் நிலைகுலைந்து, புரண்டு, பக்கவாட்டிலும் விலகிப் போகும். எங்கே என்று யாரும் சொல்ல முடியாது.

ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிக்காரருக்கு இது தெரியாத சங்கதி அல்ல. எதிரிக் கப்பலின் பக்கச் சுவரில் அடிக்க, குண்டை வேண்டுமென்றே தண்ணீரில் தத்தவிடும் முறை அக்காலக் கடற்போரில் இருந்தது. 1943 மே மாதம் பிரித்தானிய விமானங்கள் ஜேர்மனியின் அணைகளை உடைக்கப் போட்ட தத்தும் குண்டும் இதே கொள்கையில் பிறந்ததுதான்.

மேலும், கடல் வெறுமையாகவா கிடக்கிறது? உடப்பில் கரைவலை இழுக்கும் ஆட்கள், கண்டக்குளியிலிருந்து புறப்படும் படகுகள், வாடி போட்டுத் தங்கும் வெளியூர் மீனவர், ஆலங்குடாப் பக்கம் டொல்பின் பார்க்கப் போகும் கூட்டம் என்று நாள் முழுக்க நடமாட்டம். இங்கிலாந்தின் தென்கரையில் ஹைத், லிட் ஆகிய இடங்களில் கடலை நோக்கிய இராணுவச் சூட்டுத்தளங்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. அங்கே பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு, கடலில் வரையறுத்த ஆபத்து வலயம், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் என்று ஏற்பாடு செய்தே சுடுகிறார்கள். வார இறுதிக் கழகம் ஒன்று இதற்கு ஆள் பிடிப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

வானத்தைப் பார்த்துச் சுடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க இராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சர், புளோரிடாக் கரையோரத் தண்ணீரில் ஒரு மேடை போட்டு, நேர் மேலே 500 ரவைகளுக்கு மேல் சுட வைத்தார். மேடையில் திரும்பி விழுந்தவை நாலே நாலு. மற்றவை காற்று கொண்டுபோன இடத்தில் விழுந்தன. நேர் கீழே விழும் சன்னத்தின் வேகம் செக்கனுக்கு 90 மீற்றர் அளவில் இருந்தது. தோலைத் துளைக்க 60 மீற்றர் போதும். கலியாண வீட்டிலும் தேர்தல் வெற்றியிலும் மேலே சுட்டு மகிழும் ஊர்கள் உலகில் பல இருக்கின்றன. அவற்றில் எங்கோ ஒரு கூரைக்குக் கீழே அந்த வேகம் வந்து இறங்குகிறது.

இனி துவக்குப் பிடித்தவரின் பக்கம் வரலாம். காற்று இரையும் கரையில் வாய்க்கட்டளை பத்து மீற்றரில் கரைந்துபோகும். காதில் அடைப்பானும் இருக்கும். ஆகவே விசில், கொடி, விளக்கு ஆகியவற்றை நம்ப வேண்டும். “ஏற்று”, “சுடு”, “நிறுத்து”, “இறக்கு” என்ற கட்டளைகளைத் தருவது சூட்டுத்தள அதிகாரி. அவற்றில் “நிறுத்து” மட்டும் எவர் வாயிலிருந்தும் வரலாம். தேநீர் கொண்டுவந்த பையன் சொன்னாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும். அதன் பிறகு அறையைத் திறந்து காட்டி, ரவையறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் கொடியைச் செருகிவைப்பார்கள். கொடி செருகிய துவக்கின் ரவையறையில் ரவை இருக்க வழியில்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

ஆபத்து பெரும்பாலும் சத்தம் வராத நேரத்தில் வரும். ஒருவர் விசைவில்லை அழுத்துகிறார். ‘டிக்’ என்று மட்டும் கேட்கிறது. இயல்பாக அவர் துவக்கைத் தன் பக்கம் திருப்பி, என்ன கோளாறு என்று பார்க்கப் போவார். அந்தக் கணத்தில்தான் அருகிலிருக்கும் அதிகாரி அவர் தோளில் கைவைக்க வேண்டும். ரவையின் அடியிலுள்ள தீமூட்டி ஈரத்தில் மந்தமாகப் பற்றி, சற்றுப் பிந்தி வெடிக்கக்கூடும். துவக்கு இலக்கைப் பார்த்தபடியே இருக்க, குறைந்தது 30 செக்கன் எண்ண வேண்டும். அதன் பிறகே அறையைத் திறக்கலாம். மற்றொரு வகை, வழமையான ‘படார்’ இல்லாமல் ‘புஸ்’ என்று வரும் சத்தம். மருந்து குறைந்து சன்னம் குழாய்க்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளந்து முகத்தில் அடிக்கும். உப்புக் காற்றும் பொடிமணலும் உள்ள ஊரில் குழாயைக் கண்ணால் பார்த்துத் துடைக்காமல் எவரும் சுடத் தொடங்கக்கூடாது.

காதின் கதை மெல்ல நடக்கும். .22 துவக்கின் வெடி 140 டெசிபெலுக்குப் பக்கத்தில். பெரிய துவக்குகள் 150ஐயும் தாண்டும். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி. பேச்சு கேட்கும், எழுத்துத் தெளியாது. மீன் ஏலத்தில் ‘சூடை’ என்றது ‘கூடை’ என்று காதில் விழும். செருகும் அடைப்பானுக்கு மேலே மூடும் உறையும் போட்டால் இரட்டைக் காப்பு.

ஈயத்தின் கதை இன்னும் மெதுவானது. ரவையின் தீமூட்டியிலும் சன்னத்தின் அடியிலும் இருந்து ஒவ்வொரு வெடிக்கும் நுண்ணிய ஈயத்தூசி கிளம்பும். கையிலும் சட்டையிலும் ஒட்டி வீட்டுக்கு வரும். குழந்தையின் உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தளத்தில் சாப்பிடாமலிருப்பது, சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது, சட்டையைத் தனியாகத் தோய்ப்பது எல்லாம் அதற்காகத்தான். கற்பிட்டிக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. அங்கே நன்னீர் என்பது உப்புநீருக்கு மேலே மணலுக்குள் மிதக்கும் ஒரு மெல்லிய படை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட உரத்தின் நைத்திரேற்று கிணறுகளில் இறங்கியிருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். கிணற்றடி மணலில் கிலோக் கணக்கில் ஈயத்தையும் புதைப்பதை எந்தக் கழகமும் நியாயப்படுத்த முடியாது.

பறக்கும் தட்டுகளைச் சுடும் 12 ‘போர்’ துவக்கு விளையாட்டு மட்டும் தூர அளவில் சற்றுச் சாதகமானது. பிரெஞ்சுத் தளபதி ஜூர்னே சொன்ன பழைய கணக்குப்படி, ஈயமணியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து 80ஆல் பெருக்கினால் அது எத்தனை மீற்றர் போகும் என்று தெரியும். 2.4 மில்லிமீற்றர் மணி 190 மீற்றரில் விழுந்துவிடும். ஆனால் விழும் இடம் களப்பு. 327 சதுர கிலோமீற்றர் பரந்த அந்த ஆழமற்ற நீரிலும், பக்கத்து உப்பளங்களிலும் வலசை வாத்துகளும் பூநாரைகளும் மேய்கின்றன. இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும் வாத்து, ஈயமணியையும் கல்லென்று விழுங்கிச் சாகும். இதற்காகவே அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயமணியைத் தடைசெய்தது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், இந்தக் கரைக்குப் பொருந்துவது 10 மீற்றர் காற்றுத்துவக்குத்தான். அதன் 4.5 மில்லிமீற்றர் மணி அரைக் கிராம் அளவு. அதன் ஆற்றல் 7, 8 ஜூல்; .22 சன்னத்தின் 140 ஜூலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கண்ணைப் பறிக்க அது போதும் என்பதால் கண்ணாடி கட்டாயம். மற்றபடி பாடசாலை மண்டபம் ஒன்றும், மணியைப் பிடிக்கும் இரும்புப் பெட்டிகள் சிலவும் இருந்தால் காரியம் ஆகும். ஈயம் பெட்டிக்குள்ளேயே தங்கும், கிணற்றுக்குப் போகாது. விளையாட்டில் குறைவு ஒன்றுமில்லை. இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டது இந்தத் தூரத்தில்தான். அந்த இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்.

பெரிய துவக்கு சுட ஆசைப்படுபவர்கள், மேடும் தடுப்பும் காவலும் உள்ள படைத் தளங்களில் அனுமதி கேட்டுப் போகட்டும். மண்டபத்தில் தொடங்குபவர்கள் முதலில் ஒரு பூட்டு வாங்க வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் திறக்கும் பக்கக் கதவு எதுவானாலும், சூடு தொடங்குமுன் அதை உள்ளிருந்து பூட்டி, சாவியை அதிகாரி தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.